நெரூதாவை இனியும் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவுக்கு வாசகர்கள் குறைவில்லை. ஆனால் அவருடைய தன்வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண் வரும் பக்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். 'ஆள் வேறு, கவிதை வேறு' என்பது ஒன்று. 'அந்த ஆளின் ஒரு வரியும் வேண்டாம்' என்பது இன்னொன்று. இரண்டுமே அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படிக்காமல் தப்பிக்கும் வழிகள் என்பது என் கருத்து. ஆகவே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

நெரூதா 1904இல் சிலியில் பிறந்தவர். இருபது வயதை எட்டும் முன்பே, 1924இல் வெளிவந்த காதல் கவிதைத் தொகுப்பால் பெயர் பெற்றார். 1927இல் தூதரகப் பணியில் ரங்கூனுக்குப் போனார். 1929இல் கொழும்புக்கு மாற்றலாகி, வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு பங்களாவில் தனியாகக் குடியிருந்தார். அவருடைய தன்வரலாறு அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல் வெளியானது. அதில் 'ஒளிரும் தனிமை' என்று பொருள்படும் தலைப்புள்ள அத்தியாயத்தில் இந்தப் பகுதி வருகிறது.

வீட்டின் பின்புறம் எடுப்புக் கக்கூஸ். பலகையில் ஓர் ஓட்டை, அடியில் ஒரு வாளி. தினமும் காலையில் வாளி சுத்தமாக இருக்கிறது. எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் சீக்கிரம் எழுந்து பார்க்கிறார். ஒரு பெண் வருகிறாள். தமிழ்ப் பெண், தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவள் என்று எழுதுகிறார். சிவப்பும் பொன்னிறமும் கலந்த முரட்டுத் துணிச் சேலை, வெறுங்காலில் கனத்த தண்டை, மூக்கின் இருபுறமும் சிறிய சிவப்புக் கற்கள். வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள்.

அவர் கூப்பிட்டுப் பார்க்கிறார். பதில் இல்லை. அவள் வரும் வழியில் பட்டோ பழமோ வைத்துப் பார்க்கிறார். அவள் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு காலையில், 'எது வந்தாலும் சரி' என்று துணிந்து அவள் மணிக்கட்டை இறுகப் பற்றுகிறார். அவளோடு பேசத் தன்னிடம் மொழி இல்லை என்கிறார். அவளை உள்ளே கொண்டுபோகிறார். நடந்து முடியும்வரை அவள் கண்களைத் திறந்தபடி, எந்த உணர்ச்சியும் காட்டாமல் கிடந்தாள். அவள் தன்னை இகழ்ந்தது சரிதான், அது மறுபடி நிகழவில்லை என்கிறார். இவ்வளவுதான். அடுத்த பத்தியில் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

அதை வல்லுறவு என்று சொல்லலாமா? அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லையே?

சொல்லலாம். பேச மொழி இல்லை என்று அவர் சொல்வதைச் சிலர் அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். மறுப்புக்கு மொழி எதற்கு? கூப்பிட்டபோது திரும்பாததும், பட்டையும் பழத்தையும் தாண்டிப் போனதும் மறுப்பு இல்லையென்றால் வேறென்ன? அவருக்கும் அது புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டிவந்தது.

அவரே எழுதியிருக்கிறார். இந்த நேர்மையைப் பாராட்ட வேண்டாமா?

இந்தக் கேள்வியில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். மறைத்திருந்தால் யாருக்கும் தெரியாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்திகள் எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். முதல் பார்வையிலேயே அவள் நடந்துவரும் ஒரு கரிய சிலை. வாளியோடு போகும்போது தெய்வத்தின் நடை. அடுத்து, காட்டிலிருந்து வந்த கூச்ச சுபாவமுள்ள ஒரு விலங்கு. பிறகு அந்தப் பாதையையே ஒரு சடங்காக்கிவிட்ட, எதையும் பொருட்படுத்தாத அரசி. படுக்கையில், தென்னிந்தியாவின் ஆயிரமாண்டுச் சிற்பம். கடைசியில் மறுபடி சிலை: ஒரு மனிதனுக்கும் சிலைக்கும் நடந்த சந்திப்பு என்கிறார்.

தெய்வம், விலங்கு, அரசி, சிலை. வாளியில் மலம் சுமக்கும் வேலைக்காரப் பெண் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாமாகவும் ஆகிவிடுகிறாள். இந்த உவமைகள் ஒவ்வொன்றும் நல்ல உவமைகள்; கைதேர்ந்த கவிஞன் எழுதியவை. அவை செய்கிற வேலை என்ன? சிலைக்கு வலிக்காது. தெய்வத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. விலங்கிடம் சம்மதம் கேட்க மாட்டார்கள். மணிக்கட்டைப் பிடிக்கும் இடத்துக்கு வாசகன் வந்துசேரும்போது, அங்கே பிடிபடுவது ஒரு பெண்ணின் கை என்பது அவனுக்கு மறந்தே போயிருக்கும்.

தன்னை இகழ்ந்தது சரிதான் என்ற ஒரு வாக்கியம் மட்டும் உவமை இல்லாமல் நிற்கிறது. நேர்மை என்று சொல்வதானால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லலாம். மற்றதெல்லாம் அழகு. அந்த அழகு குற்றத்துக்குத் துணை நின்றிருக்கிறது. ஆகவே கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்கலாமா என்று பொதுவாகக் கேட்டால், இந்த இடத்தைப் பொறுத்தவரை பிரிக்க எதுவும் இல்லை என்பேன். செயல் வாழ்க்கையில் நடந்தது; அதை மூடிய துணியைக் கலைதான் நெய்தது.

இது கற்பனையாக இருக்கலாமே? கவிஞர்கள் தங்கள் வாழ்க்கையை மிகைப்படுத்துவது உண்டே?

இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நடந்ததற்கு அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆனால் தன்வரலாறு என்று பெயர் போட்டு எழுதிய புத்தகம் அது. கற்பனை என்றே வைத்துக்கொண்டாலும், மலம் அள்ள வந்த பெண்ணை வலுவில் இழுப்பதை இளமைக்கால நினைவாக ஒருவர் கற்பனை செய்திருக்கிறார் என்பதே மிஞ்சும். இந்த வாதத்தால் அவருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெண் யார்?

நெரூதா பெயர் எழுதவில்லை, கேட்டதாகவும் எழுதவில்லை. அதே அத்தியாயத்தில் அவர் வளர்த்த கீரிக்குப் பெயர் உண்டு, கிரியா என்று. வீட்டு வேலைக்கு இருந்த பையனுக்கும் பெயர் உண்டு.

ஆங்கிலேயர் காலக் கொழும்பில் மலம் அள்ளுவதும் தெருக் கூட்டுவதும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதியினர் தலையில் கட்டப்பட்ட வேலைகள். மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றியாவது ஓரளவு எழுத்து இருக்கிறது. நகரத்தில் வாளி சுமந்தவர்களைப் பற்றி மிகக் குறைவு. நம் பக்கத்திலிருந்து அவளைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லாததற்கு நெரூதா மட்டும் பொறுப்பல்ல. சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் 'அல்போராதா' என்ற திரைப்படத்தில் நெரூதாவின் இலங்கை நாள்களையும் இந்த நிகழ்வையும் எடுத்துக்கொண்டார்.

இத்தனை ஆண்டுகளாக யாரும் இதைக் கவனிக்கவில்லையா?

புத்தகம் 1974 முதல் கடைகளில் இருக்கிறது. 1977இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. படித்தவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். பெரும்பாலோர் அதை ஒரு கவிஞனின் சாகசங்களில் ஒன்றாகப் படித்துக் கடந்துபோனார்கள். மேலே சொன்ன உவமைகள் எவ்வளவு திறமையாக வேலை செய்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சிலியில் பெண்ணுரிமை இயக்கங்கள் வலுப்பெற்ற பிறகுதான் அந்தப் பக்கம் பொதுவெளியில் உரத்து வாசிக்கப்பட்டது.

சரி, தன்வரலாற்றில் உள்ளது அப்படி. கவிதைகள் என்ன பாவம் செய்தன?

எல்லாக் கவிதைகளும் பாதிக்கப்படவில்லை. சில பாதிக்கப்படுகின்றன.

1924 தொகுப்பில் பதினைந்தாம் கவிதை அவருடைய மிகப் புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்று. நீ மௌனமாக இருக்கும்போது எனக்குப் பிடிக்கிறது, இங்கே இல்லாதவள் போல் இருக்கிறாய் என்று தொடங்கும். பல தலைமுறைக் காதலர்கள் கடிதங்களில் எடுத்து எழுதிய கவிதை. கொழும்புப் பக்கத்தைப் படித்துவிட்டு இதற்குத் திரும்பினால், பேசாத பெண்ணின் மேல் இந்த மனிதருக்கு இருந்த ஈர்ப்பு வேறு விதமாகத் தெரிகிறது. 2018இல் சிலியின் பெண்கள் ஊர்வலங்களில் 'நெரூதா, நீ வாயை மூடு' என்று எழுதிய பதாகைகள் வந்தன. அந்த வரிக்கு ஐந்தாறு பக்கக் கட்டுரையால் சொல்ல முடியாத எதிர்வினை அது. அதை எழுதியவர்கள் கவிதையை நன்றாகப் படித்தவர்கள்.

இதற்கு நேர்மாறாக, வெங்காயத்துக்கும் காலுறைக்கும் அவர் பாடிய எளிய பாடல்கள் இருக்கின்றன. 1950களில் வந்தவை. வெங்காயத்தைப் பாடும்போது அவருடைய கண்ணும் அதே கண்தான்; பொருளை மேலே தூக்கிப் பளபளப்பாக்கும் அதே பழக்கம்தான். வெங்காயத்துக்கு அதனால் நட்டமில்லை. அந்தக் கவிதையை நான் எந்த உறுத்தலும் இல்லாமல் படிக்கிறேன். கீழை நாடுகளில் இருந்தபோது எழுதி 1933இல் தொகுப்பாக வந்த இருண்ட கவிதைகள் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அந்தத் தனிமையும் அருவருப்பும் எந்த வீட்டில், யாருடைய உழைப்பின் மேல் உட்கார்ந்து எழுதப்பட்டன என்று இப்போது நமக்குத் தெரியும். அது அந்தக் கவிதைகளை மோசமாக்கவில்லை. அவற்றுக்குள் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

சொல்லியிருக்கிறார். யார் சொன்னார் என்று பார்த்து ஏற்கவோ தள்ளவோ செய்யாமல், சொன்ன பொருளின் மெய்யைப் பார் என்கிறார். சிலை உவமையின் மெய்ப்பொருளைப் பார்த்ததைத்தானே மேலே செய்தோம்? நோபல் பரிசு பெற்றவர் சொன்னார் என்பதற்காக விட்டுவிடாமல் பார்ப்பதும் அந்தக் குறளுக்குள் அடக்கம்.

எல்லாக் கலைகளிலும் இப்படிக் கறை ஒட்டிக்கொள்ளுமா?

இல்லை. எரிக் கில் என்ற ஆங்கிலேயச் சிற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் வந்த கில் சான்ஸ் எழுத்துருவை வடிவமைத்தவர். தன் மகள்களையே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். 1989இல் ஒரு வாழ்க்கை வரலாறு வழியாக அது வெளியே தெரிந்தது. அவருடைய எழுத்துருவில் அச்சான ரயில் கால அட்டவணையைப் படிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதே கில், லண்டனில் பிபிசி கட்டட முகப்பில் செதுக்கிய சிலையில் ஒரு பெரியவருக்கு முன்னால் நிர்வாணமாக ஒரு சிறுவன் நிற்கிறான். 2022இல் ஒருவர் ஏணி வைத்து ஏறிச் சுத்தியலால் அந்தச் சிலையைத் தாக்கினார். சுத்தியலை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எழுத்துருவை விட்டுவிட்டு ஏன் சிலையைத் தாக்கினார் என்பது புரியாத புதிர் அல்ல.

அந்தக் காலம் அப்படி. இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?

1929இன் அளவுகோலால் அளக்கட்டும் என்றால் அதற்கும் தயார். அந்தக் காலத்து ஆங்கிலேயர்களின் மிடுக்கையும், உள்ளூர் மக்களைத் தீண்டாமல் விலகி வாழ்ந்ததையும் அதே அத்தியாயத்தில் கேலி செய்பவர் நெரூதா. தவறு தெரியாத காலம் அல்ல அது. எழுதியதோ முதுமையில், உலகப் புகழோடு, பொதுவுடைமைக் கட்சியின் முதன்மையான முகங்களில் ஒருவராக இருந்தபோது.

அவர் செய்த நன்மைகள் கணக்கில் வராதா?

வரும். 1939இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று பிரான்சில் முகாம்களில் கிடந்த அகதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வின்னிபெக் என்ற கப்பலில் ஏற்றிச் சிலிக்கு அனுப்பி வைத்தார். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் நெரூதா யார் என்று கேட்டால் வேறொரு மனிதரைச் சொல்வார்கள். அதுவும் உண்மை.

ஆனால் இதில் வரவு செலவு போட்டுக் கழிக்க முடியாது. கப்பலில் பிழைத்தவர்கள் வெள்ளவத்தைப் பெண்ணின் சார்பாக மன்னிக்க முடியுமா என்ன? கழிக்கத் தொடங்கினால் பட்டியலும் நீளும். ஸ்டாலின் இறந்தபோது பாடிய புகழ்ப்பாடல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிற்காலத்தில் அவருக்கே சங்கடம் இருந்தது. அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது மால்வா மரீனா. 1934இல் மாத்ரிதில் பிறந்த அவருடைய ஒரே மகள். தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோயோடு பிறந்தவள். இரண்டு ஆண்டுகளில் தாயையும் மகளையும் விட்டுப் பிரிந்தார். நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தில், கௌடா நகரத்தில், இன்னொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்து 1943இல் எட்டு வயதில் குழந்தை இறந்தது. தன்வரலாற்றில் அவள் பெயரே இல்லை. கொழும்புப் பெண்ணைப் பற்றி எழுத இடம் இருந்தது, மகளுக்கு இல்லை. எதைச் சொன்னால் தன் உருவம் இன்னும் பெரிதாகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தால், இரண்டு கணக்குமே தப்பாகிவிட்டன.

படிக்கலாம் என்கிறீர்கள். அப்படியானால் விமான நிலையத்துக்குப் பெயர் வைப்பதில் என்ன தவறு?

2018இல் சான்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயரை வைக்கும் யோசனையை நாடாளுமன்றக் கீழவையின் குழு ஒன்று ஏற்றது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. பெயர் மாறவில்லை. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். புத்தகத்தை நானாகத் திறக்கிறேன், பிடிக்காவிட்டால் மூடுகிறேன். விமான நிலையம் அப்படி அல்ல. பாதிக்கப்பட்ட பெண்ணும் பயணச்சீட்டில் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும்.

இஸ்ரேலில் வாக்னர் விவகாரமும் இதுதான். யூதர்களைத் தாக்கி 1850இல் புனைபெயரிலும் 1869இல் சொந்தப் பெயரிலும் கட்டுரை வெளியிட்டவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். 1938இல் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் சூறையாடப்பட்ட பிறகு அன்றைய பாலஸ்தீன இசைக்குழு அவர் இசையை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. வீட்டில் கேட்பதற்கு அங்கே தடை இல்லை. 2001இல் ஜெருசலேமில் இசைக்குழு நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் நிகழ்ச்சி முடிந்த பிறகு, கேட்க விரும்பாதவர்கள் போகலாம் என்று அறிவித்து, அரங்கத்தோடு நெடுநேரம் வாதாடிவிட்டுத்தான் வாக்னரை வாசித்தார். சிலர் கதவை அறைந்துவிட்டு வெளியேறினார்கள். அந்த இசை அருமையானது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. யார் காதில் விழுகிறது என்பதில்தான் சண்டை.

குற்றச்சாட்டு மட்டும் இருந்து, நிரூபணம் இல்லாவிட்டால்?

அது முற்றிலும் வேறு வழக்கு. நெரூதாவோடு குழப்ப வேண்டாம். 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947இல் விடுதலையானார்கள். பாகவதர் சிறையில் இருந்தபோதும் 'ஹரிதாஸ்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. தீர்ப்பு என்னவாகும் என்று தெரியாமலேயே மக்கள் டிக்கெட் வாங்கிப் பாட்டைக் கேட்டார்கள். வெளியே வந்த பிறகு அவர் நடித்த படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை. ரசிகர்கள் எந்தக் கொள்கையை வைத்து இதைச் செய்தார்கள் என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

கலைஞர் உயிரோடு இருந்தால்?

அப்போது காசும் அதிகாரமும் சேர்ந்துகொள்கின்றன. நீங்கள் வாங்கும் டிக்கெட் அவருக்கு வக்கீல் கட்டணமாகலாம். நீங்கள் போடும் மாலை அவரை எதிர்த்துப் பேச வந்தவரின் வாயை அடைக்கலாம். நெரூதாவின் நூல் வருமானம் இன்று அவர் பெயரிலுள்ள அறக்கட்டளைக்குப் போகிறது. அவருக்கு இனி நம்மிடமிருந்து ஆவதொன்றும் இல்லை.

கவிஞரின் வாழ்க்கையே தெரியாமல் படிப்பதுதான் சுகம் இல்லையா?

சுகம்தான். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எழுதியவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. செம்மண்ணில் பெய்த நீர் என்ற அவருடைய உவமையையே பெயராக வைத்துவிட்டோம். செம்புலப் பெயனீரார் நல்லவரா கெட்டவரா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. ஆனால் நெரூதா அந்த வசதியை நமக்குத் தரவில்லை. தன் வாழ்க்கையைக் கவிதையாகவும் கவிதையை வாழ்க்கையாகவும் விற்றவர் அவர். மூன்று வீடுகள் இன்று அருங்காட்சியகங்கள். வாழ்க்கையையும் சேர்த்து ரசியுங்கள் என்று அழைத்தவரிடம், வாழ்க்கையைப் பார்க்க மாட்டேன் என்று நாம் ஏன் பெருந்தன்மை காட்ட வேண்டும்?

வகுப்பில் பாடம் நடத்துகிறேன். நெரூதாவை வைக்கலாமா?

வையுங்கள், இரண்டையும் சேர்த்து. பதினைந்தாம் கவிதையை முதல் நாள், கொழும்புப் பத்திகளை மறுநாள். முன்னுரையாக எச்சரிக்கை எதுவும் சொல்லிவிடாதீர்கள், ஒன்றைத் தவிர: வன்முறை வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்வது மரியாதை, வகுப்பில் யாருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு மாணவர்களிடம் உவமைகளை மட்டும் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கருத்தை அதற்கு முன் சொல்ல வேண்டாம்.

புதிதாகப் படிக்கப் போகிறேன். எதில் தொடங்கலாம்?

வெங்காயத்தில். பிறகு 1933 தொகுப்பு. தன்வரலாற்றை வாங்கினால், பகுதிகளைத் தேர்ந்தெடுத்துப் போட்ட பதிப்பாக இல்லாமல் முழுப் பதிப்பாகப் பாருங்கள். வாங்கும் முன் இலங்கை அத்தியாயத்தைப் புரட்டி, வாளி இருக்கிறதா என்று சரிபாருங்கள்.